நிலவறைக்கு ஏறிப்போகும் ஊர்: பாம்பெர்க்கில் நடந்தே ஒரு பீர் நாள்

பாம்பெர்க் ஊர்க்காரர் ஒருவரிடம் மாலையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "கெல்லர் மேலே" என்பார். கெல்லர் என்ற ஜெர்மன் சொல்லுக்கு நிலவறை என்று பொருள். நிலவறைக்குள் இறங்குவார்கள், மேலே எப்படிப் போவார்கள்? ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், எனக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்தேன். மலைச்சரிவில் ஏறி, மர நிழலில் உட்கார்ந்து, காலடியில் இருபது முப்பது அடி ஆழத்தில் நிலவறை இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் சொல் புரிந்தது. இந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கான வரிசையும் அன்றே பிடிபட்டது: ஆற்றுக்கு அப்பாலிருந்து தொடங்கி, பழைய நகரைக் கடந்து, வெயில் சாயும்போது மலைமேல் போய்ச் சேர வேண்டும். தலைகீழாகச் செய்து பார்த்த அனுபவமும் எனக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாம்பெர்க் இருப்பது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வடபகுதியில், ஃபிராங்கோனியாவில். ஊர்க்காரர்களிடம் "நீங்கள் பவேரியரா?" என்று கேட்டுவிடாதீர்கள், முகம் சுருங்கும். ஏறக்குறைய எண்பதாயிரம் மக்கள்தொகை. ரெக்னிட்ஸ் ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுப்போகிறது. மேற்கே ஏழு குன்றுகள். பழைய நகரம் போரில் பெரும்பாலும் தப்பியதால் 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இவ்வளவு சிறிய ஊருக்குள் பத்துக்குச் சற்றே முன்பின்னாகப் பீர் ஆலைகள், பெரும்பாலானவற்றுக்கு வாசலிலேயே சொந்த உணவகம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்னும் எத்தனையோ. மற்ற ஊர்களில் கிராஃப்ட் பீர் என்று பெயர் வைத்து, கரும்பலகையில் எழுதி, இரட்டிப்பு விலைக்கு விற்பதை இங்கே ஐந்நூறு ஆண்டுகளாகப் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

புறப்படும் முன்

நூரெம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இரண்டு மூன்று பேராக வந்தால் பவேரியா டிக்கெட் எனப்படும் ஒருநாள் பயணச்சீட்டு கட்டுப்படியாகும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும், அதிவேக ரயில்களில் செல்லாது. கார் வேண்டாம். சைக்கிளும் வேண்டாம்: குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதற்கும் அங்கே தண்டனை உண்டு.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மலைமேல் இருக்கும் கெல்லர்கள் வானம் பார்த்தே திறக்கும். மழை வந்தால் அன்றைக்கு இல்லை. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தில் ஒருநாள் "ரூஹெடாக்", அதாவது ஓய்வுநாள். சில கடைகள் சனிக்கிழமை மதியத்தோடு சாத்திவிடும். ஆகவே போகும் நாளுக்கு எவை திறந்திருக்கும் என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தடித்த அடியுள்ள செருப்போ காலணியோ அவசியம், பழைய நகரம் முழுவதும் உருண்டைக்கல் பாவிய தெருக்கள். பணமாகக் கொஞ்சம் யூரோ வையுங்கள். அட்டை வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. பீர் குடிக்க அந்த நாட்டுச் சட்டப்படி 16 வயது நிரம்பியிருந்தால் போதும்.

இன்னொரு கணக்கு. அங்கே அளவு என்றால் அரை லிட்டர்தான், அதற்கு ஃபிராங்கோனியப் பேச்சில் "சைட்லா" என்று பெயர். ஐந்து சதவீத ஆல்கஹால் உள்ள அரை லிட்டரில் 25 மில்லி சாராயம் இருக்கிறது. நம் ஊரில் 60 மில்லி விஸ்கி ஊற்றினால் அதிலும் ஏறக்குறைய அதே 25 மில்லி. பீர்தானே என்று ஐந்து சைட்லா குடிப்பவர், ஐந்து பெரிய பெக் குடித்தவர். ஒரு நாள் முழுவதற்கும் மூன்று, மிஞ்சினால் நான்கு என்று வைத்துக்கொண்டால் மாலையில் மலை ஏறக் கால் இருக்கும். இருவராகப் போனால் ஒரு சைட்லாவைப் பகிர்ந்துகொள்வதில் யாரும் குறை காணமாட்டார்கள். குடிக்காதவர் கூட வந்தால் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த "ஆப்ஃபெல்ஷோர்லே" கேட்கலாம். பாதி எலுமிச்சை பானம் கலந்த "ராட்லர்" பாதிக் குடிகாரருக்கு.

எதிரெதிரே இரண்டு வாசல்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகச் செங்கல் கட்டடங்கள் நிற்கும். அது வையர்மான் மால்ட் ஆலை, 1879-இல் தொடங்கியது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து உலகெங்கும் உள்ள பீர் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். காற்று வாகாக இருந்தால் நிலையத்தில் இறங்கும்போதே வறுத்த தானிய வாசனை வரும். காப்பிக்கொட்டை வறுக்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கணம் ஊர் ஞாபகம் வரும்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஓபரே கோனிக்ஸ்ட்ராசே என்ற தெரு. ஒரு பக்கம் ஷ்பெட்சியால், 1536-இல் தொடங்கியது. நேர் எதிரே ஃபெஸ்லா, 1649-இல் தொடங்கியது. நடுவில் ஒரு தெருதான். இரண்டும் தங்கும் விடுதிகளும்கூட, அதனால் இரவு தங்குவதாக இருந்தால் இங்கே அறை எடுப்பது புத்திசாலித்தனம்.

முதலில் ஃபெஸ்லா. வாசலில் குள்ளன் ஒருவன் பீப்பாயை உருட்டிக்கொண்டிருக்கும் சின்னம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் உணவக அறைக்குப் போகாமல், வண்டி போகும் நடைபாதை போன்ற இடத்தில் நின்றுகொண்டே குடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். அந்த இடத்துக்கு "ஷ்வெம்" என்று பெயர். சன்னலில் வாங்கி, பக்கத்தில் வைத்து, ஊர்ப்பேச்சு பேசி, குடித்து முடித்துக் கிளம்புவார்கள். நானும் அங்கேதான் நிற்பேன். குளிரில் முதிரவிட்ட பீரான லாகர்பியர் கேளுங்கள், எளிமையான நல்ல தொடக்கம். கருமை கலந்த "ஸ்வெர்க்லா" 6 சதவீதம். "பாம்பெர்காட்டர்" என்று ஒன்றும் இருக்கிறது, 8.5 சதவீதம், அதை முதல் கடையில் தொட்டால் நாள் அங்கேயே முடிந்தது.

தெருவைக் கடந்து ஷ்பெட்சியாலுக்கு வந்தால் முதல் புகை பீர். ரௌக்பியர் என்பது பாம்பெர்க்கின் தனிச்சரக்கு. இங்கே அதன் லாகர் 4.7 சதவீதம், புகை மெல்லியதாக இருக்கும், வீட்டுக் கூரைக்கு மேலே எங்கோ எரியும் விறகைப்போல. புதியவர்கள் பலரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு புகை பீர் வீடான ஷ்லெங்கெர்லாவுக்கு நேரே ஓடி, முதல் வாயிலேயே மிரண்டுபோகிறார்கள். அலாதி சுவைக்கு நாக்கைப் பழக்க வேண்டும் என்றால் ஷ்பெட்சியாலில் அரைக் கோப்பை போதும். புகை சேர்த்த மால்ட்டை இவர்கள் வெளியிலிருந்து வாங்குவதில்லை, தாங்களே தயாரிக்கிறார்கள். ஊரின் பீர் ஆலைகளில் இன்று அப்படிச் செய்பவை ஷ்பெட்சியாலும் ஷ்லெங்கெர்லாவும்தான்.

புகையின் கதை

புகை எங்கிருந்து வருகிறது? முளைகட்டிய ஈரப் பார்லியை உலர்த்தியாக வேண்டும். வெயில் குறைந்த நாட்டில் அதற்கு நெருப்புதான் வழி. விறகு எரிந்தால் புகை தானியத்துக்குள் போகும். ஆக, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இப்படி நெருப்பில் உலர்த்திய மால்ட்டில் காய்ச்சியதெல்லாம் புகை பீர்தான், யாரும் அதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து புகை படாமல் சூடான காற்றால் உலர்த்தும் சூளைகள் வந்தன; மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக மாறின. இந்த ஊரின் இரண்டு வீடுகள் மாறவில்லை. பீச் மர விறகைப் பிளந்து, காயவைத்து, இன்றும் அடியில் எரிக்கிறார்கள்.

இனி ஆற்றைக் கடந்து நடங்கள். கெட்டன்ப்ரூக்கே பாலம், பிறகு மாக்சிமிலியான் சதுக்கம், பிறகு க்ரூனர் மார்க்ட் என்ற சந்தைத் தெரு. அங்கே சூலத்தோடு நிற்கும் நெப்டியூன் சிலையை ஊர்க்காரர்கள் "முள்கரண்டிக்காரன்" என்ற பொருளில் காபெல்மான் என்று அழைக்கிறார்கள். சந்தையில் முள்ளங்கி கிடைத்தால் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மாலையில் பயன்படும். பிறகு ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகர்மன்றம். அன்று ஊரை ஆண்ட ஆயர் இடம் தர மறுத்ததால் மக்கள் ஆற்றுக்குள் மரத்தூண் அடித்து நகர்மன்றம் கட்டிக்கொண்டார்கள் என்று கதை சொல்வார்கள். சுவர் ஓவியத்தில் ஒரு குட்டி தேவதையின் கால் மட்டும் சுவரைவிட்டு வெளியே நீண்டிருக்கும், கவனியுங்கள்.

பாலம் முடிந்து சில நிமிடங்களில் டொமினிக்கானர்ஸ்ட்ராசேயில் ஷ்லெங்கெர்லா. 1405-லேயே ஆவணத்தில் பெயர் வந்துவிட்ட வீடு. கைகால்களை ஆட்டி ஆட்டி நடப்பதற்கு அங்கே ஒரு சொல் உண்டு. அப்படி நடந்த பழைய ஆலைக்காரர் ஒருவரின் பட்டப்பெயரே கடைக்கு நிலைத்துவிட்டது. நம் ஊரில் கடைக்காரரின் நடையையோ மீசையையோ வைத்துக் கடைக்குப் பெயர் வருவதுபோலத்தான். உள்ளே கருமரத் தூண்களும் தாழ்ந்த கூரையும்; அதை ஒட்டி டொமினிக்கன் துறவிகளின் மடத்தைச் சேர்ந்த வளைவுக்கூரை அறை. பீர் இயந்திரக் குழாயிலிருந்து வராது. முகப்பில் மரப்பீப்பாயை வைத்து, பித்தளைக் குழாயை அடித்துச் செருகி, தானாக வடியும் பீரைப் பிடிக்கிறார்கள். பீப்பாய் காலியாகிப் புதியது ஏற்றும் சத்தத்தைக் கேட்பதற்கே பக்கத்தில் நிற்கலாம்.

கேட்க வேண்டியது மெர்ட்சன் என்ற புகை பீர், 5.1 சதவீதம். நிறம் கருஞ்சிவப்பு. ஒருமுறை ஓர் இளம் சக ஊழியரை அழைத்துப் போனேன். கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனதும் நிறுத்திவிட்டார்.

"அண்ணா, இதைக் குடிப்பதா, அல்லது குழம்பில் ஊற்றுவதா?"

"முதல் வாயை எண்ணாதீர்கள். மூன்றாவது வாய்க்குப் பிறகு சொல்லுங்கள்."

சுட்ட கத்திரிக்காயின் தோலை உரிக்கும்போது வரும் வாசனை, அதோடு புகைபோட்ட இறைச்சி, அதற்கும் அடியில் மால்ட்டின் இனிப்பு. நாக்குக்கு முதலில் புகை மட்டும்தான் தெரியும். பாதிக் கோப்பைக்குள் புகை பின்னால் போய் இனிப்பு முன்னால் வரும். அவர் கோப்பையை முடித்துவிட்டு, இன்னொன்று பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். பிடிக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புகை மால்ட் சேர்க்காத ஹெல்லஸ் என்ற வெளிர்நிற பீர் ஒன்றும் அவர்களிடம் உண்டு, அதிலும் ஈஸ்ட் வழியாக ஒரு துளி புகை ஒட்டிக்கொண்டிருக்கும். அக்டோபருக்கு மேல் போனால் ஊர்பொக் என்ற கடுமையான புகை பீர், 6.5 சதவீதம். டிசம்பரில் ஓக் மரப் புகையில் செய்த 8 சதவீத டொப்பெல்பொக்.

நான் முதல் தடவை வந்தபோது அக்டோபர் இறுதி. நேரே இங்கே வந்து, வெறும் வயிற்றில் ஊர்பொக்கில் தொடங்கினேன். அதன்பிறகு குடித்த எதிலும் எனக்குச் சுவை தெரியவில்லை, எல்லாம் புகையாகவே இருந்தது. மலையை ஏறாமல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கால்மணி நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினேன். மென்மையிலிருந்து கடுமைக்கு என்று வரிசை சொல்வது அந்த நாளின் பாடம்.

சாப்பாடும் மேசை வழக்கமும்

மதியச் சாப்பாட்டை இங்கேயே, அல்லது ஆற்றோரமாகச் சற்று நடந்து, 1533-இல் ஆயரின் பீர் ஆலையாகத் தொடங்கிய க்ளோஸ்டர்ப்ராவில் முடிக்கலாம். க்ளோஸ்டர்ப்ராவின் பழுப்பு நிற பீர் நல்லது, ஆனால் நான் அங்கே போவது அந்த முடுக்குத் தெருக்களுக்காகவே.

அசைவம் சாப்பிடுபவருக்கு "ஷாய்ஃபெர்லா": பன்றித் தோள்பட்டைத் துண்டு, மேலே மொறுமொறுவென்று தோல். ஒன்றை இருவர் சாப்பிடலாம். ஷ்லெங்கெர்லாவில் "பாம்பெர்க் வெங்காயம்" புகழ்பெற்றது. பெரிய வெங்காயத்தைக் குடைந்து கொத்துக்கறி அடைத்து, புகை பீர் சேர்த்த சாறு ஊற்றித் தருவார்கள். மாட்டிறைச்சி விலக்கு உள்ளவர்கள் "ஸ்வெட்ச்கன்பாமஸ்" என்ற பெயரைக் கண்டால் தாண்டிவிடுங்கள்: பெயரில் பிளம்ஸ் பழம் இருக்கிறது, தட்டில் இருப்பது புகைபோட்ட மாட்டிறைச்சி.

சைவர்கள் ஏமாறும் இடம் வேறு. "க்ளோஸ் மிட் சோஸ்", உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும். மலிவு, பார்க்கச் சைவம். அந்தக் குழம்பு பன்றி வறுவலில் வடிந்த சாறு. உருண்டையை மட்டும் குழம்பில்லாமல் கேட்கலாம், அல்லது "கேஸெஷ்பெட்ஸ்லே" என்ற பாலாடைக்கட்டிக் குட்டி நூடுல்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பிடித்தது "கெருப்ஃப்டர்". கனிந்த பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், மிளகாய்ப்பொடி போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தருவது. புகை பீருக்கு அதைவிடப் பொருத்தமான தொட்டுக்கை எனக்குத் தெரியவில்லை.

மேசைக்குச் சில விதிகள். காலி நாற்காலி இருந்தால் அறிமுகமில்லாதவர் மேசையிலும் உட்காரலாம், ஆனால் "இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "ஷ்டாம்டிஷ்" என்ற பலகை வைத்த மேசையில் மட்டும் உட்காராதீர்கள், அது ஊர்க்காரர்களின் நிரந்தர இடம். கோப்பை மோதும்போது "ப்ரோஸ்ட்" சொல்லி எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். நீங்கள் குடித்த கணக்கைக் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையில் கோடு போட்டு வைப்பார்கள். அதைக் கிழித்து விளையாடினால் கணக்குப் புத்தகத்தைக் கிழித்ததுபோல. தண்ணீரைத் தானாகக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்குங்கள், ஒவ்வொரு பீருக்கும் ஒரு தண்ணீர். பில் 17 யூரோ 60 சென்ட் என்றால் பணம் நீட்டும்போதே "19" என்று சொல்லிவிடுங்கள், மீதி அன்பளிப்பு. கடைசியாகக் கொஞ்சம் மட்டும் வேண்டும் என்றால் "ஷ்னிட்" என்று ஒரு சொல் இருக்கிறது: நுரையோடு அரைகுறையாகப் பிடித்த கோப்பை, விலையும் குறைவு. இந்தச் சொல்லைச் சொன்ன அன்று பரிமாறுபவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

பீர் விலையில் கை வைத்தால் இந்த ஊர் என்ன செய்யும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1907-இல் ஆலைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து விலையை ஒரே ஒரு பெனிக், அதாவது ஒரு சிறு காசு, ஏற்றினார்கள். ஊரே குடிப்பதை நிறுத்தியது. பக்கத்து ஊரான ஃபோர்க்ஹைமிலிருந்து பீர் வரவழைத்தார்கள். சில நாட்களிலேயே ஆலைகள் பணிந்தன. தரத்திலும் அப்படித்தான்: மால்ட், கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் கூடாது என்று இங்கே ஆயர் 1489-லேயே ஆணையிட்டார். பவேரியாவின் புகழ்பெற்ற 1516-ஆம் ஆண்டு பீர்த் தூய்மைச் சட்டத்துக்கு 27 ஆண்டுகள் முந்தியது இது. ஊர்க்காரர்களோடு பேச்சுக் கொடுக்க வேண்டுமென்றால் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், பிறகு நீங்கள் பேச வேண்டியதில்லை.

மேலே

நான்கு மணி வாக்கில் ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றின் பக்கம் ஏறத் தொடங்குங்கள். கால்மணி நேர ஏற்றம், நடுவில் மூச்சு வாங்கும். தெருவோரச் சுவர்களில் ஆங்காங்கே பூட்டிய கதவுகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால்தான் நிலவறைகள். குன்றின் மணற்கல்லைக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் சுரங்கங்கள் போட்டிருக்கிறார்கள். அடியில் நொதிக்கும் லாகர் பீருக்குக் குளிர் வேண்டும். கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும். அப்போது தனி நாடாக இருந்த பக்கத்துப் பவேரியாவில் 1553-இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை போட்டார்கள். எனவே குளிர்காலத்தில் காய்ச்சி, குளத்துப் பனிக்கட்டியை வெட்டி உள்ளே அடுக்கி, கோடைக்குச் சேமித்தார்கள். வெயில் மண்ணைச் சூடாக்காமலிருக்க மேலே ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள்: அகன்ற இலை, ஆழம் போகாத வேர், நிலவறையின் கூரையை வேர் பிளக்காது. நிழல் வந்ததும் பெஞ்சு வந்தது, பெஞ்சு வந்ததும் மக்கள் வந்தார்கள். பிறகு 1870-களில் குளிர்பதன இயந்திரம் வந்து நிலவறைகளின் தேவையை ஒழித்தது. அதைப் பீர் ஆலைகளுக்குக் கொண்டுவந்த கார்ல் ஃபான் லிண்டே பிறந்ததும் இதே வடக்கு ஃபிராங்கோனியாவில்தான். நிலவறை ஓய்வுபெற்றது, நிழல் மட்டும் வேலையில் இருக்கிறது.

போரின்போது மக்கள் குண்டுவீச்சுக்கு ஒதுங்கியதும் இந்தச் சுரங்கங்களில்தான். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் கயெர்ஸ்வொர்த்ஸ்ட்ராசேயில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் வழிகாட்டியோடு போகும் நடைக்கு முன்பதிவு செய்யுங்கள். கோடையிலும் மேல்சட்டை வேண்டும்.

நான் போவது ஷ்பெட்சியால் கெல்லருக்கு, வானாய்வகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேர் எதிரே, கீழே, செந்நிற ஓட்டுக்கூரைகளும் தேவாலயத்தின் நான்கு கோபுரங்களும். இதற்கு மாற்றாக வில்டே ரோஸே கெல்லர் இருக்கிறது. காட்சி குறைவு, மரங்கள் அதிகம், வெயிலுக்கு அதுதான் சுகம். இரண்டிலும் சில பகுதிகளில் நீங்களே போய் வாங்கி வர வேண்டியிருக்கும். களிமண் கோப்பைக்கு முன்பணம் கேட்டால் தயங்காதீர்கள், திருப்பிக் கொடுத்ததும் கைக்கு வந்துவிடும். சொந்தச் சாப்பாடு கொண்டுவந்து பிரிக்கும் வழக்கம் கிராமத்துக் கெல்லர்களில் இன்னும் இருக்கிறது, நகரத்துக்குள் கேட்டுவிட்டுப் பிரியுங்கள்.

முள்ளங்கியைப் பையில் போடச் சொன்னது இதற்குத்தான். ஒரு கிராமத்துக் கெல்லரில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், வெள்ளை முள்ளங்கியைப் பேனாக்கத்தியால் அறுந்துபோகாமல் சுருள் சுருளாகச் சீவினார். இடுக்குகளில் உப்பைத் தூவி, மறுபடி மூடி, தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நான் எதற்குக் காத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் முள்ளங்கியைச் சுற்றித் தண்ணீர் கோர்த்தது. "அழுகிறது, இனிச் சாப்பிடலாம்" என்று ஒரு சுருளை என் பக்கம் நீட்டினார். காரம் போய், நீர்விட்ட மாங்காய்த் துண்டின் பதத்தில் இருந்தது.

இருட்டியபின் இறங்கும்போது கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், சரிவில் படிக்கட்டுகள் ஒரே உயரத்தில் இல்லை. நிலையத்துக்கு அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கடைசி ரயிலுக்கு ஒன்று முன்னால் வரும் ரயிலையே கடைசி ரயிலாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளும் ஊரில் இருந்தால் நிலையத்துக்குத் தென்புறம் வுண்டர்புர்க் என்ற குடியிருப்புப் பகுதிக்கு நடங்கள். சுற்றுலாக் கூட்டம் அவ்வளவாக எட்டாத இடம். அங்கேயும் இரண்டு ஆலைகள் ஏறக்குறைய எதிரெதிரே இருக்கின்றன. 1867-இல் தொடங்கிய கேஸ்மானில் பில்ஸ் என்ற, கசப்பு தெளிந்த வெளிர்நிற பீர் கிடைக்கும். 1670-இல் தொடங்கிய மார்ஸ் ப்ராவில், பீப்பாயின் வாயை இறுக்கி அடைக்காமல் முதிரவிட்ட, நுரைப்பு குறைந்த பீர் ஒன்று உண்டு. அதன் முழுப்பெயர் "உன்கெஷ்புண்டெட்டஸ்", வாயில் நுழையாது. ஊர்க்காரர்களுக்கும் நுழைவதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் விரலை உயர்த்தி "ஆ ஊ" என்கிறார்கள். ஒரு "ஊ" வேண்டும் என்று பொருள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், வந்துவிடும்.